மழைத் தரவுகளுக்கு ஒரு பொது நிரலகம்: எதைச் சேர்ப்பது, எதை வெளியே விடுவது

மழையை வைத்து ஆய்வு செய்யும் குழு எதைப் பார்த்தாலும் அங்கே ஒரு பழைய நிரல் கோப்பு இருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தரவைத் திறக்க யாரோ ஒரு மாணவர் எழுதியது. அவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அடுத்து வந்தவர் அதை நகலெடுத்து, அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் நிலையத் தரவுக்கும், கணினி மாதிரியையும் அளவீடுகளையும் இணைத்து ஐரோப்பா உருவாக்கும் ஈ.ஆர்.ஏ.5 தரவுக்கும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பார். பக்கத்து ஆய்வகத்திலும் இதே கோப்பு, இதே பிழைகள். இந்த வேலையை ஒரே இடத்தில், எல்லோரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்தமூல நிரலகமாக எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறோம். விளக்கம் பைதான் மொழியையும், அதில் பல அச்சுகள் கொண்ட அணிகளைக் கையாளும் எக்ஸ்அரே பொதியையும் வைத்துத்தான். ஆர், ஜூலியா போன்ற மொழிகளில் எழுதினாலும் வடிவமைப்பு மாறாது.

எல்லையை முதலில் எழுதிவையுங்கள்

நிரலகத்துக்கு மூன்று வேலைகள்: கோப்பைக் கொண்டுவருவது, பிரித்துப் படிப்பது, உள்ளிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதை எண்ணோடு சேர்த்தே கொடுப்பது. இதற்கு மேல் வேண்டாம். விடுபட்ட நாள்களை நிரப்புவது, 0.1 பாகைக் கட்டத்தை (அட்சரேகை, தீர்க்கரேகையில் சம இடைவெளியில் அமைந்த புள்ளிகளின் தரவு) 0.25-க்கு மாற்றுவது, வறட்சிக் குறியீடு கணக்கிடுவது எல்லாம் ஆய்வாளர் எடுக்கவேண்டிய முடிவுகள். கட்ட மாற்றத்தையே பாருங்கள். வெப்பநிலைக்கு இருநேரியல் இடைக்கணிப்பு (சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் எடையிட்ட சராசரி) பெரும்பாலும் போதும். மழைக்கு அதையே செய்தால் உச்சங்கள் மழுங்கும், மொத்த நீரளவும் மாறிவிடும். பரப்பளவை எடையாகக் கொண்டு மொத்தத்தைக் காக்கும் முறை தேவை. நிரலகம் இதில் ஒன்றைச் சத்தமில்லாமல் தேர்ந்தெடுத்தால், அப்படியொரு தேர்வு நடந்ததே பயனருக்குத் தெரியாது.

இந்த எல்லையை ரீட்மீ கோப்பின் முதல் பத்தியிலேயே போடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு பருவமழைத் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் செயற்கூற்றை அனுப்புவார். நன்றாகவே எழுதியிருப்பார். அதை மறுப்பதற்கு எழுத்தில் ஒரு காரணம் வேண்டும்.

மூலங்களைக் கோப்பு மட்டத்தில் அறிந்துகொள்ளுங்கள்

நான்கு மூலங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று எந்த வகையிலும் ஒத்துப்போகாதவை என்பதால், பொது வடிவம் தாங்குமா என்று பார்க்க இவை போதும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகை மழைக் கட்டம் 1901-இல் தொடங்குகிறது. பைனரி வடிவில் ஆண்டுக்கு ஒரு கோப்பு. தலைப்பு விவரம் எதுவும் கிடையாது, வெறும் 32 பிட் தசம எண்களின் வரிசை. தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 புள்ளிகள், அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள்; ஒரு நாளுக்கு 17,415 எண்கள். ஆக, சாதாரண ஆண்டின் கோப்பு சரியாக 2,54,25,900 பைட், லீப் ஆண்டின் கோப்பு 2,54,95,560 பைட் இருக்கவேண்டும். படிப்பதற்கு முன் இந்த அளவைச் சோதியுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் இங்கேயே பிடிபடும். 129-ஐயும் 135-ஐயும் இடம்மாற்றிப் போட்டால் மட்டும் நிரல் எதுவும் சொல்லாது, ஏனென்றால் பெருக்குத்தொகை ஒன்றுதான். படம் வரைந்து பார்க்கும்போதுதான் இந்தியா கோடுகோடாகச் சிதறிக் கிடப்பது தெரியும்.

நோவாவின் ஜி.எச்.சி.என்.-டெய்லி நிலையத் தரவு. நிலையத்துக்கு ஒரு கோப்பு. ஒரு வரியில் ஒரு மாதம், ஒரு கூறு. ஒவ்வொரு வரியும் 269 எழுத்து: நிலைய எண் 11, ஆண்டு 4, மாதம் 2, கூறின் பெயர் 4, அதன் பிறகு 31 நாள்களுக்கு எட்டெட்டு எழுத்து. அந்த எட்டில் மதிப்புக்கு ஐந்து, மூன்று குறிகளுக்கு ஒவ்வொன்று. குறிகள் பெரும்பாலும் வெற்றிடமாக இருப்பதால் வரியை இடைவெளியை வைத்து உடைக்கக் கூடாது, எழுத்தெண்ணித்தான் வெட்டவேண்டும். பிப்ரவரிக்கும் 31 இடங்கள் உண்டு; இல்லாத நாள்களில் -9999 இருக்கும். மழையளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகப் பதிவாகிறது. பனிப்பொழிவோ முழு மில்லிமீட்டரில். ஒரே கோப்பு, இரண்டு அலகு.

ஈ.ஆர்.ஏ.5 மணிக்கொரு மதிப்பு தருகிறது, மழை மீட்டரில். தீர்க்கரேகை 0-இலிருந்து 360-ஐ நோக்கிப் போகிறது. அட்சரேகை வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவான ஐமெர்க் அரைமணிக்கொன்று, 0.1 பாகை, அதில் இருப்பது மழையளவு அல்ல, மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வீதம். 48 மதிப்புகளை அப்படியே கூட்டினால் நாள் மழை இரண்டு மடங்காகும், ஒவ்வொன்றையும் 0.5-ஆல் பெருக்கவேண்டும். தவிர, அதன் அணியில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு.

பொது வடிவம்

வாசிப்பான் எதுவானாலும் வெளியே வருவது ஒரே வடிவில் இருக்கவேண்டும்:

- மழையளவு எப்போதும் மில்லிமீட்டரில். வீதமாக வரும் தரவை வீதமாகவே, வேறு மாறிப் பெயரில் தாருங்கள். அளவாக மாற்ற ஒரு தனிச் செயற்கூறு இருக்கட்டும்.
- அட்சரேகை தெற்கிலிருந்து வடக்காக ஏறுவரிசையில். தீர்க்கரேகை -180 முதல் 180 வரை.
- அச்சுகளின் வரிசை: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை. நிலையத் தரவானால் நேரம், நிலையம்.
- விடுபட்ட மதிப்பு எப்போதும் 'எண் அல்ல' (NaN) குறி மட்டுமே. -999, -9999 எதுவும் வெளியே கசியக் கூடாது.
- நிலையத்துக்கு அடையாளம் அதன் எண்தான். மெட்ராஸ் சென்னையாகும், டூட்டிகோரின் தூத்துக்குடியாகும், எண் மாறாது.

அட்சரேகை வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் ஏன்? தமிழ்நாட்டை வெட்டியெடுக்க 8 முதல் 13.5 வரை என்று கேட்டால், இறங்குவரிசையில் இருக்கும் தரவில் எக்ஸ்அரே காலியான அணியைத் திருப்பித் தரும். பிழைச்செய்தி வராது. அந்தக் காலியின் கூட்டுத்தொகை பூஜ்யம். தமிழ்நாட்டில் மழையே பெய்யவில்லை என்று அழகான வரைபடம் கிடைக்கும்.

இதைவிட நுட்பமான கோளாறு ஆயங்களின் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின்) தசமத்தில் இருக்கிறது. 0.25-இன் மடங்குகள் இரும எண்ணில் துல்லியமாக அமர்கின்றன, 0.1-இன் மடங்குகள் அமர்வதில்லை. ஒரு கோப்பு ஆயத்தை 32 பிட்டிலும் இன்னொன்று 64 பிட்டிலும் வைத்திருந்தால் இரண்டு 13.05-உம் ஒன்றல்ல. எக்ஸ்அரேயில் இரண்டு அணிகளைக் கழித்தால், பொருந்தும் ஆயங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும். இயல்பான அமைப்பே அதுதான். ஆகவே கோப்பிலுள்ள ஆயத்தை நம்பாமல், கட்டத்தின் தொடக்கம், இடைவெளி, எண்ணிக்கை மூன்றையும் வைத்து நிரலகமே 64 பிட்டில் உருவாக்கி, நான்கு தசமத்துக்கு முழுமையாக்குங்கள். கோப்பிலுள்ளதோடு இடைவெளியின் நூறில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் பிழை எழுப்புங்கள். பயனர் கையேட்டில், எக்ஸ்அரேயின் கணக்கு இணைப்பை 'எக்ஸாக்ட்' என்று அமைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

மாறிகளுக்குச் சொந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்காதீர்கள். காலநிலைத் தரவுக்கு, மாறிப் பெயர்களையும் அலகுகளையும் வரையறுக்கும் சி.எஃப். வழக்காறு இருக்கிறது. மழையளவு, மழைவீதம், நீராகக் கணக்கிட்ட பொழிவின் தடிமன் ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப் பெயர் உண்டு. அங்கே மழையளவின் அலகு சதுர மீட்டருக்குக் கிலோகிராம். எண்ணளவில் அது மில்லிமீட்டருக்குச் சமம் என்பதால் குழப்பமில்லை.

'நாள்' எங்கே தொடங்குகிறது

வடிவமைப்பில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பெரும்பாலான வீட்டுத்தயாரிப்பு நிரல்கள் தோற்பதும் இங்கேதான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையில் ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தின் மழை. உலகப் பொது நேரத்தில் அது 03.00 மணி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தின் 49 செ.மீ. டிசம்பர் 2 என்ற தேதியின் கீழ் வருகிறது; அந்த மழை 1-ஆம் தேதி காலை 8.30-க்கும் 2-ஆம் தேதி காலை 8.30-க்கும் இடையே பெய்தது. ஈ.ஆர்.ஏ.5-இன் மணிவாரித் தரவை உலகப் பொது நேர நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டினால், அதே மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1-இல் போய் விழும். இரண்டையும் தேதி வாரியாக ஒப்பிட்டால் மாதிரி மோசம் என்ற முடிவுக்கு வருவீர்கள். நிஜத்தில் தேதி எல்லைதான் நகர்ந்திருக்கிறது.

தீர்வு: ஒவ்வொரு நேர மதிப்போடும் அது எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை என்ற எல்லையைக் கட்டாயம் சேர்த்துத் தாருங்கள். சி.எஃப். வழக்காற்றில் இதற்கு நேர எல்லை மாறி இருக்கிறது. இந்திய நாள்மழையில் 2015-12-02 என்ற மதிப்பின் எல்லை, உலகப் பொது நேரத்தில் டிசம்பர் 1, 03.00 முதல் டிசம்பர் 2, 03.00 வரை. எல்லை இல்லாத தரவைத் திருப்பித் தரும் வாசிப்பானைச் சோதனை நிராகரிக்கவேண்டும்.

மணிவாரித் தரவிலும் முனை முக்கியம். ஈ.ஆர்.ஏ.5-இல் 04.00 என்ற மதிப்பு 03.00 முதல் 04.00 வரை பெய்த மழை. அதாவது நேரக்குறி இடைவெளியின் கடைசியில் நிற்கிறது. ஆகவே டிசம்பர் 2-இன் இந்திய நாள்மழைக்கு டிசம்பர் 1, 04.00-இலிருந்து டிசம்பர் 2, 03.00 வரையான 24 மதிப்புகளைக் கூட்டவேண்டும். 03.00-இல் தொடங்கி 02.00-இல் முடித்தால் ஒரு மணி நேரம் பிசகும். சராசரியில் அது தெரியாது, புயல் நாளில் தெரியும்.

ஜி.எச்.சி.என்.-இல் நிலைமை இன்னும் சிக்கல். பதிவு நேரம் நாட்டுக்கு நாடு, நிலையத்துக்கு நிலையம் மாறும். நிலையவாரிக் கோப்பில் அந்த நேரமே கிடையாது. ஆண்டுவாரிக் காற்புள்ளிக் கோப்பில் மட்டும் எட்டாவது நெடுவரிசையாக இருக்கிறது, அதுவும் எல்லா வரியிலும் நிரப்பப்பட்டிருக்காது. பதிவு நேரம் தெரியாத இடத்தில் எல்லையை ஊகித்துப் போடாதீர்கள். விடுபட்டதாகவே வைத்து, 'நாள் எல்லை அறியப்படவில்லை' என்று பண்பில் (தரவோடு ஒட்டிச் செல்லும் குறிப்பில்) எழுதுங்கள். சோதனை அந்த வாக்கியத்தை ஏற்கும், வெற்றிடத்தை ஏற்காது.

பூஜ்யமும் இல்லாமையும்

மழையில் பூஜ்யம் ஒரு தகவல், அளவு தெரியாதது வேறொன்று. இவை கலந்தால் வறட்சி ஆய்வு மொத்தமும் பாழ். கலக்கும் வழிகள் பல.

முதலாவது, சிறப்பு எண்கள். இந்திய மழைக் கட்டத்தில் விடுபட்ட மதிப்பு -999. அதே துறையின் 1 பாகை வெப்பநிலைக் கட்டத்தில் 99.9. பின்னது பொல்லாதது. 32 பிட்டில் 99.9 துல்லியமாக அமராது, 99.9000015 போல ஆகிறது. கோப்பை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டு 99.9-க்குச் சமமா என்று கேட்டால் ஒன்றுகூடப் பொருந்தாது. அத்தனையும் வெப்பநிலையாக உள்ளே போய்விடும். மாற்றுவதற்கு முன்பே, 32 பிட்டிலேயே சோதியுங்கள், அல்லது 99-க்கு மேற்பட்டது எல்லாம் விடுபட்டது என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூட்டல். எக்ஸ்அரேயும், அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸும் இயல்பாக விடுபட்டவற்றைத் தள்ளிவிட்டுக் கூட்டும். ஒரு மாதம் முழுக்க விடுபட்டிருந்தால் விடை பூஜ்யம். கடற்பகுதிக் கட்டங்களும் பூஜ்யமாகும். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற அளவுருவைக் கொடுத்தால்தான் விடையும் விடுபட்டதாக வரும். நிரலகத்துக்குள் எங்கே கூட்டினாலும் (அரைமணியிலிருந்து நாளுக்கு, மணியிலிருந்து நாளுக்கு) இந்த எண்ணிக்கை முழு நாளுக்கானதாக இருக்கட்டும்: 48 அல்லது 24. ஒன்று குறைந்தாலும் அந்த நாள் விடுபட்ட நாள். கடுமையாகத் தோன்றும்; தளர்த்த விரும்புபவர் அளவுருவை மாற்றிக்கொள்ளட்டும், அப்போது அந்த முடிவு அவருடைய நிரலிலேயே எழுத்தாக நிற்கும்.

மூன்றாவது, குறிகள். ஜி.எச்.சி.என்.-இல் மதிப்பு 0, அளவீட்டுக் குறி 'டி' என்றால் அளக்க முடியாத அளவு தூறல். 'பி' என்றால் பதிவு இல்லை, பூஜ்யமாக இருக்கலாம் என்று கொண்டது. குறி இல்லாத 0 மட்டுமே உண்மையான பூஜ்யம். இந்த மூன்றும் மதிப்பில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே குறிகளை மதிப்புக்கு இணையான தனி மாறியாகத் தாருங்கள். சில நாள்கள் மழைமானியைப் பார்க்காமல் விட்டு மொத்தமாக அளந்த மழைக்கு அங்கே தனிக் கூறும், எத்தனை நாளின் மொத்தம் என்பதற்கு இன்னொரு கூறும் உண்டு. அதை நாள்மழையோடு சேர்க்கவும் கூடாது, நாள்களுக்குப் பங்கிடவும் கூடாது.

தரச் சோதனையில் தவறிய மதிப்புகளை என்ன செய்வது என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்படியே கொடுத்தால் குறியைப் பார்க்காத பயனர் மாட்டிக்கொள்வார். மறைத்தால், தானியங்கிச் சோதனை சந்தேகப்பட்ட உண்மையான பெருமழையும் சேர்ந்து மறையும். எங்கள் பரிந்துரை: இயல்பாக மறையுங்கள், எத்தனை மதிப்பு மறைக்கப்பட்டது என்பதைப் பண்பில் எழுதுங்கள், எல்லாவற்றையும் கேட்க ஓர் அளவுரு வையுங்கள்.

கொண்டுவருவதும் சேமிப்பதும்

தரவை நிரலகப் பொதிக்குள் வைக்காதீர்கள். பைதான் பொதிகளின் களஞ்சியமான பைப்பி இயல்பாக ஒரு கோப்புக்கு 100 எம்.பி. வரைதான் ஏற்கும்; கிட்ஹப் 100 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பைத் தடுத்துவிடும். பதிவிறக்கத்தை நீங்களே எழுதவும் வேண்டாம். ஃபடியாண்டோ ஆ டெர்ரா குழுவின் 'பூச்' பொதி இந்த வேலைக்காகவே இருக்கிறது. சைபை, சைகிட்-இமேஜ் ஆகிய அறிவியல் பொதிகள் இரண்டும் மாதிரித் தரவுக்கு அதைத்தான் பயன்படுத்துகின்றன. கோப்பின் பெயரும் எஸ்.எச்.ஏ.-256 ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற சரம்) கொண்ட பதிவேட்டைக் கொடுத்தால், இறங்கியதைச் சரிபார்த்து கேஷில் (உள்ளூர்ச் சேமிப்பில்) வைக்கும்.

ஹேஷ் சரிபார்ப்பு உறைந்த தரவுக்குச் சரி. ஆய்வுத் தரவுக் களஞ்சியமான ஜெனோடோவில் பதிப்பு டி.ஓ.ஐ.யோடு (நிரந்தர அடையாளத்தோடு) இருக்கும் கோப்பு மாறாது. ஆனால் ஜி.எச்.சி.என்.-டெய்லி பெரும்பாலும் வாரந்தோறும் முழுவதுமாகத் திரும்பக் கட்டப்படுகிறது. இன்று எழுதிய ஹேஷ் அடுத்த வாரம் பொய். ஈ.ஆர்.ஏ.5-இன் அண்மைக்கால மதிப்புகள் தற்காலிகமானவை, சில மாதங்களில் இறுதி மதிப்புகள் அவற்றின் இடத்தில் வரும். ஐமெர்க் முதலில் ஒன்று, சற்றுப் பின் ஒன்று, இறுதியாக ஒன்று என்று மூன்று ஓட்டங்களாக வருகிறது.

ஆகவே ஒவ்வொரு தரவுத்தொகுப்பையும் 'உறைந்தது', 'உயிருள்ளது' என்று பதிவேட்டிலேயே பிரியுங்கள். உறைந்ததில் ஹேஷ் பொருந்தாவிட்டால் நிறுத்துங்கள். எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தொடர்வது பயனில்லை; எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. உயிருள்ளதில் இறக்கியபோது கிடைத்த ஹேஷ், இறக்கிய நேரம், மூலத்தின் பதிப்புச் சரம் (ஜி.எச்.சி.என்.-க்கு அதற்கென்றே ஒரு சிறு உரைக்கோப்பு அந்தச் சேவையகத்தில் இருக்கிறது), தற்காலிகமா இறுதியா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு பூட்டுக் கோப்பில் எழுதுங்கள். ஆய்வாளர் அந்தக் கோப்பைத் தன் நிரலோடு வைத்துக்கொள்வார். அடுத்த ஆண்டு வேறு விடை வந்தால், மாறியது நிரலா தரவா என்று இரண்டு பூட்டுக் கோப்புகளை ஒப்பிட்டே சொல்லிவிடலாம்.

கேஷ் அடைவின் இடத்தை ஒரு சூழல் மாறியால் மாற்ற வழி வையுங்கள்; பல்கலைக்கழகக் கணினித் திரள்களில் வீட்டு அடைவுக்கு இடவரம்பு சிறியது. தற்காலிகப் பெயரில் இறக்கி, முடிந்ததும் பெயர் மாற்றவேண்டும். தற்காலிகக் கோப்பு அதே கோப்பு முறைமையில் இருந்தால்தான் பெயர்மாற்றம் ஒரே அடியில் நடக்கும். இல்லாவிட்டால் நாற்பது பணிகள் ஒரே நேரத்தில் தொடங்கும்போது ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் பாதிக் கோப்பை இன்னொன்று படிக்கும். கணக்கிடும் முனைகளுக்குப் பெரும்பாலும் இணையம் கிடையாது. எனவே பதிவிறக்கத்தை மட்டும் செய்யும் தனிக் கட்டளை ஒன்றும், வலையைத் தொடவே தொடாத ஆஃப்லைன் முறையும் வேண்டும்.

ஈ.ஆர்.ஏ.5-ஐ இறக்கத் தேவையான காப்பர்நிக்கஸ் சாவி, ஐமெர்க்குக்கான நாசாவின் எர்த்டேட்டா கடவுச்சொல் ஆகியவற்றைச் செயற்கூற்றின் அளவுருவாக ஒருபோதும் வாங்காதீர்கள். நோட்புக்கில் எழுதுவார்கள், அது அப்படியே கிட்ஹப்புக்குப் போகும். வீட்டு அடைவில் இவற்றுக்கு ஏற்கெனவே வழக்கமான அமைப்புக் கோப்புகள் உண்டு. அவற்றைப் படித்தால் போதும்.

வாசிப்பான்களை எப்படிப் பிரிப்பது

மையப் பகுதி சிறிதாக இருக்கட்டும்: நம்பை, எக்ஸ்அரே, பூச், இவ்வளவுதான். எச்.டி.எஃப்.5, கிரிப் போன்ற கோப்பு வடிவங்களுக்கான பொதிகளை விருப்பச் சார்பாக வையுங்கள். நிலையத் தரவு மட்டும் வேண்டுபவர் கிரிப் நிறுவலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு தரவுத்தொகுப்புக்கும் இரண்டு கோப்பு. ஒன்று விவரக் கோப்பு: பெயர், பதிப்பு, மூல முகவரி, உரிமம், மேற்கோள் வரி, மூல அலகு, நாள் எல்லை, விடுபட்ட மதிப்பு, கட்டத்தின் தொடக்கமும் இடைவெளியும், பொறுப்பாளர். இன்னொன்று வாசிப்பான்: கோப்புப் பாதையை வாங்கி எக்ஸ்அரே தரவைத் திருப்பித் தரும் ஒரே செயற்கூறு. வாசிப்பான் வலையைத் தொடக் கூடாது, கேஷ் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவும் கூடாது. இந்தப் பிரிவினையால், சேவையக முகவரி மாறும்போது விவரக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

ஐமெர்க் ஏழாம் பதிப்பில் முதன்மை மழை மாறியின் பெயரே மாறியது. ஆறாம் பதிப்பில் 'பிரெசிபிடேஷன்கேல்' என்றிருந்தது வெறும் 'பிரெசிபிடேஷன்' ஆனது. இது வரும்போது பழைய வாசிப்பானுக்குள் 'இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று எழுதத் தோன்றும். செய்யாதீர்கள். ஆறுக்கு ஒரு வாசிப்பான், ஏழுக்கு ஒன்று. பயனர் பதிப்பைச் சொல்லாமல் கேட்டால் பிழை எழுப்பி, இருக்கும் பதிப்புகளைப் பட்டியலிடுங்கள். 'எப்போதும் புதியது' என்ற இயல்பு வசதியாகத் தோன்றும்; பாதி ஆய்வு ஆறிலும் மீதி ஏழிலும் முடிந்துபோவது அதனால்தான்.

சோதனை

ஒவ்வொரு வாசிப்பானுக்கும் சில கே.பி. அளவில் ஒரு மாதிரிக் கோப்பு வேண்டும். உரிமம் அனுமதித்தால் உண்மைக் கோப்பிலிருந்து வெட்டியது; இல்லையென்றால் அதே வடிவில் செயற்கையாக உருவாக்கியது. இந்தியக் கட்டம் போலத் தலைப்பு இல்லாத பைனரியில் செயற்கைக் கோப்பே மேல்: ஒவ்வொரு கட்டத்திலும் அட்சரேகையின் நூறு மடங்கோடு தீர்க்கரேகையைக் கூட்டி எழுதிவிடுங்கள், அச்சு இடம்மாறினால் உடனே தெரியும். பிப்ரவரி 29, டிசம்பர் 31 இரண்டையும் தவறாமல் சோதியுங்கள்.

பொதுச் சோதனைத் தொகுதி ஒன்று எல்லா வாசிப்பான்கள் மீதும் ஓடவேண்டும்: அலகு மி.மீ.யா, ஆயங்கள் ஏறுவரிசையா, நேர எல்லை இருக்கிறதா, எதிர்மறை மழை இருக்கிறதா. புதிதாக வாசிப்பான் எழுதுபவர் இதற்காக எதுவும் தனியாக எழுதவேண்டாம்.

மூலச் சேவையகத்தைத் தொடும் சோதனையை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும்போதெல்லாம்) ஓட்டாதீர்கள். சேவையகம் பராமரிப்பில் இருக்கும் நாளில் எல்லோர் வேலையும் நிற்கும். வாரம் ஒருமுறை நேரம் குறித்து ஓட்டினால் போதும். ஒன்று கவனியுங்கள்: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால் நேரம் குறித்த பணிகளை கிட்ஹப் நிறுத்திவைத்துவிடும். நிரலகம் நிலைபெற்று அமைதியாகும் காலத்தில்தான் இது நடக்கும், அப்போதுதான் முகவரி மாறியதும் தெரியாமல் போகும்.

உரிமம்

நிரலின் உரிமம் வேறு, தரவின் உரிமம் வேறு. நிரலுக்கு பி.எஸ்.டி. மூன்று விதி, எம்.ஐ.டி., அப்பாச்சி 2.0 ஆகியவற்றில் ஒன்று அறிவியல் பைதான் சூழலோடு சிக்கலின்றிப் போகும். தரவை நீங்கள் மறுபதிப்பு செய்யாமல் மூலத்திலிருந்தே பயனரின் கணினிக்கு இறக்கினால் பெரும்பாலான சிக்கல் எழாது. கண்ணாடிப் பிரதி (உங்கள் சேவையகத்தில் முழு நகல்) வைக்க விரும்பினால், ஒவ்வொரு மூலத்தின் விதியையும் படித்த பிறகே. 'அரசுத் தரவுதானே' என்பது உரிமம் ஆகாது. தரவைத் திருப்பித் தரும்போது உரிமத்தையும் மேற்கோள் வரியையும் பண்பிலேயே ஒட்டிவிடுங்கள். நெட்சிடிஎஃப் கோப்பாகச் சேமித்தாலும் அவை கூடவே போகும். நிரலகத்தை மேற்கோள் காட்டினால் தரவைக் காட்டத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தேவை என்று எழுதுங்கள்.

திருத்தமும் விலக்கலும்

நிரலகத்தின் பதிப்பெண்ணும் தரவின் பதிப்பெண்ணும் தனித்தனி. வாசிப்பானில் பிழை கண்டுபிடித்துத் திருத்தினால், அதே கோப்பிலிருந்து வேறு எண் வரும். அதைச் சிறு திருத்தமாக வெளியிடக் கூடாது. எந்திரக் கற்றல் நிரலகமான சைகிட்-லேர்னில் ஐரிஸ் மலர்த் தரவின் இரண்டு புள்ளிகள் ஃபிஷரின் மூலக் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை; 0.20 பதிப்பில் திருத்தினார்கள், திருத்தியதையும் அதன் பிறகு யு.சி.ஐ. களஞ்சியத்தின் பிரதியோடு அது ஒத்துப்போகாது என்பதையும் ஆவணத்திலேயே எழுதிவைத்தார்கள். எண் மாறும் எந்தத் திருத்தத்துக்கும் இந்த அளவு வெளிப்படைத்தன்மை வேண்டும்: எந்தத் தொகுப்பு, எந்தக் காலம், ஏறக்குறைய எவ்வளவு மாறும்.

தரவுத்தொகுப்பை விலக்க நேரும்போதும் சைகிட்-லேர்ன் குழுவிடம் முன்மாதிரி இருக்கிறது. பாஸ்டன் வீட்டுவிலைத் தரவில் இனம் சார்ந்த ஒரு மாறி இருப்பதால் எழுந்த அறச் சிக்கலை முன்னிட்டு 1.0 பதிப்பில் எச்சரிக்கை சேர்த்தார்கள், 1.2-இல் நீக்கினார்கள். நீக்கிய பிறகும், அந்தப் பெயரை அழைத்தால் காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லும் பிழைச்செய்தி வந்தது. மழைத் தரவில் காரணம் வேறாக இருக்கும்: மூலம் நிறுத்தப்பட்டிருக்கும், அல்லது பொறுப்பாளர் யாரும் இல்லாமல் போயிருக்கும். முறை இதுவே. ஒரு வெளியீட்டில் எச்சரிக்கை, குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்குப் பிறகு நீக்கம், காரணத்தோடு பிழைச்செய்தி. நீக்கிய பெயரைப் பின்னாளில் வேறொரு தொகுப்புக்குக் கொடுக்காதீர்கள். பழைய பூட்டுக் கோப்பு வைத்திருப்பவர் அதே பெயரில் வேறு மழையை இறக்குவார்.